சோமனூர்த் தறிக் கணக்குக்கு ஒரு சிபி/எம் கம்ப்யூட்டர்: ஆர்சி2014 ப்ரோ கிட்

ஆர்சி2014 ப்ரோ என்பது நாமே சால்டர் வைத்துக் கட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர், இசட்80 என்ற பழைய சிப்பில் ஓடுவது. இங்கிலாந்துக்காரர் ஸ்பென்சர் ஓவன் வடிவமைத்தது. ரெட்ரோ சேலஞ்ச் என்ற பழைய கம்ப்யூட்டர் போட்டிக்காக 2014ல் அவர் செய்ததால் இந்தப் பெயர். உள்ளே ஓடுவது சிபி/எம் 2.2, அதாவது 1979ல் வெளிவந்த ஆபரேட்டிங் சிஸ்டம். வாங்குகிறவர்களில் பலர் ஒரு சின்ன விளையாட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு ஷெல்ஃபில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சிபி/எம் பேர் வாங்கியதே கடையிலும் ஆபீசிலும்தான். அதனால் எங்கள் தறிக் கணக்கை இதில் ஏற்றி, வேலைக்கு ஆகிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

சோமனூரில் எங்களுக்கு விசைத்தறி. கூலிக்குத்தான் ஓட்டுகிறோம். பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்த துணியை நாங்கள் மடித்துக் கொடுப்போம், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வரும். வந்த பாவு, கிடக்கும் நூல், போன மீட்டர், நிற்கும் பாக்கி எல்லாம் என் பொறுப்பு. 90களில் ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், கணக்குத்தாளுக்கு லோட்டஸ், பதிவேட்டுக்கு டிபேஸ் படித்தவள் நான். அன்றைய பிசிக்களின் ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸில் பழகிய பல விஷயங்கள் சிபி/எம்மில் இருந்து வந்தவை என்று சென்டரில் யாரும் சொல்லித் தரவில்லை. ஏ, பி என்று டிரைவுக்குப் பெயர் வைப்பது, ஃபைல் பெயர் 8 எழுத்து, புள்ளி, பிறகு 3 எழுத்து, எல்லாம் இங்கிருந்து போனவைதான்.

கேரி கில்டால் 1974ல் இன்டெல் 8080 சிப்புக்காகச் சிபி/எம்மை எழுதினார். அமெரிக்கக் கடற்படையின் மான்டரே கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்த வேலை. அவரும் மனைவி டோரத்தி மெக்யூவனும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார்கள். நிரல் அவருடையது, வியாபாரத்தை நடத்தியது டோரத்தி. புத்தகங்களில் அந்த அம்மாவுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. எனக்கு அது பெரிய குறை. சரக்கை விற்று, பில் போட்டு, ஒப்பந்தம் பேசி கம்பெனியை நிற்க வைத்தவருக்கு ஒரு வரி போதாது.

சரி, கிட்டுக்கு வருவோம். பெட்டிக்குள் வெற்று போர்டுகள், சிப்புகள், சாக்கெட்டுகள், ரெசிஸ்டர்கள் எல்லாம் தனித்தனிப் பையில் இருக்கும். சிபியு, ராம், ரோம், கடிகாரம், வெளியே பேசும் சீரியல், டிஸ்க்காக வேலை செய்யும் சிஎஃப் மெமரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. எல்லாம் பேக்பிளேன் என்ற நீளப் பலகையில் நெட்டுக்குத்தாகச் செருகி நிற்கும். அந்தப் பலகையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வரும் கம்பிகள் வரிசையாக அடுத்த ஸ்லாட்டின் அதே கம்பிகளோடு சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் எந்தக் கார்டையும் எந்த ஸ்லாட்டிலும் போடலாம். வேலை அதிகம் பிடிப்பதும் இந்தப் பலகைதான். ஒரே மாதிரியான கால்கள் வரிசை வரிசையாக இருக்கும், கை சலித்துவிடும். சாக்கெட்டின் இரண்டு ஓரக் காலில் மட்டும் முதலில் ஈயம் வைத்து, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற கால்களுக்குப் போக வேண்டும். இசட்80க்கு 40 கால். சாக்கெட்டின் ஒரு முனையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும், போர்டில் வெள்ளைக் கோட்டில் வரைந்த வெட்டும் அதுவும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். கரண்ட் கொடுப்பதற்கு முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரம், அதாவது சிப்புக்குத் தாளம் கொடுக்கும் துடிப்பு. 7.3728 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு விசித்திரமான எண். ஏன் 8 என்று முழுசாக வைக்கவில்லை? 73,72,800ஐ 64ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 1,15,200 வரும். சீரியல் போர்ட்டின் வேகம் அதுதான். துடிப்பைத் தரும் ஒரே கிரிஸ்டல் சிபியுவையும் ஓட்டுகிறது, வெளியே பேசும் வேகத்தையும் கொடுக்கிறது. இரண்டாவது கிரிஸ்டல் மிச்சம். இப்படிச் சிக்கனமாக யோசிக்கிற ஆளின் கிட்டை நம்பி வாங்கலாம் என்று எனக்கு அந்த வகுத்தலிலேயே தோன்றிவிட்டது.

திரையும் கீபோர்டும் இதோடு வராது. யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்றைப் போட்டு, லேப்டாப்பில் டெர்மினல் புரோகிராமைத் திறந்து அதன் வழியாகத்தான் பேச வேண்டும். 5 வோல்ட் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். ரீசெட் அழுத்தினால் ரோமில் இருக்கும் மானிட்டர் என்ற சின்னப் புரோகிராம் வரும், அங்கிருந்து சிபி/எம்முக்குப் போகலாம். ஏ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு கூர்க்குறியும் வந்து நிற்கும்.

மொத்த நினைவகம் 64 கேபி. அதன் கணக்கை ஒரு தாளில் எழுதிவிடலாம். புரோகிராம் எதுவானாலும் 256வது பைட்டில், பதினாறடிமான எண்ணில் 100ல், தொடங்கும். உச்சியில் பயோஸ். இந்த வன்பொருளுக்கென்று எழுதிய பகுதி அது ஒன்றுதான். அதற்குக் கீழே பிடாஸ், ஃபைல்களைப் பார்த்துக்கொள்வது. அதற்கும் கீழே நாம் தட்டும் கட்டளையைப் படிக்கும் சிசிபி. புரோகிராமுக்கு இடம் போதாவிட்டால் சிசிபி இருக்கும் இடத்தையும் எடுத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் அது மறுபடி டிஸ்க்கில் இருந்து ஏறிக்கொள்ளும். டிஸ்க்கில் எழுத வேண்டுமா, ஒரு எழுத்தைத் திரையில் காட்ட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் புரோகிராம் தட்டுவது முகவரி 5 என்ற ஒரே கதவைத்தான். பயோஸை மட்டும் மாற்றினால் எந்தக் கம்பெனி மெஷினிலும் அதே வேர்ட்ஸ்டார், கணக்குத்தாள் போடும் அதே சூப்பர்கால்க் ஓடும். 1981ல் வந்த ஆஸ்பார்ன் 1 போன்ற மெஷின்களை வியாபாரிகள் தைரியமாக வாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி கணக்கு. டிபேஸின் பழைய பதிப்பான டிபேஸ் டூவை சீரியல் வழியாக ஏற்றினேன். திறந்ததும் தேதி கேட்கும், அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில். பிறகு ஒரு புள்ளி மட்டும் நிற்கும். என் பாவு ஃபைலில் பாவு எண், வந்த தேதி, ஜவுளிக்காரர், பாவு மீட்டர், பிக் (ஊடை நூலின் நெருக்கம்), கூலி விகிதம் என்று கட்டங்கள். துணி கொடுத்த விவரம் இன்னொரு ஃபைல். டிபேஸ் டூவில் ஒரே நேரத்தில் இரண்டு ஃபைல்தான் திறக்க முடியும், பிரைமரி, செகண்டரி என்று. பாவுக்கும் துணிக்கும் அது சரியாகப் போய்விடுகிறது. நூல் இருப்பைப் பார்க்க மட்டும் ஒன்றை மூடிவிட்டு மூன்றாவதைத் திறக்க வேண்டும்.

தேதிக்கென்று தனி வகை டிபேஸ் டூவில் கிடையாது, அது அடுத்த பதிப்பில்தான் வந்தது. நான் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 8 எழுத்தாக எழுதிவிடுகிறேன். எழுத்து வரிசைப்படி அடுக்கினால் தேதி வரிசை தானாக வந்துவிடும். ஒரு பாவு எண்ணைக் கொடுத்து மீட்டரைக் கூட்டச் சொன்னால், எவ்வளவு நெய்து போயிருக்கிறது, பாவில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று உடனே தெரிகிறது. கூலி விஷயத்தில் ஜவுளிக்காரரோடு பேச்சு வரும்போது இந்த ஒரு கூட்டல் கையில் இருந்தால் போதும்.

மாமனார் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மிணி, கூலி பில்லு இதுல வருமா?"

"வருமுங்க மாமா. நோட்டுல இருக்கிறதையும் இதையும் நீங்களே ஒத்துப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். ஒத்து வந்தது.

குறைகளும் உண்டு. சிபி/எம் 2.2 எந்த ஃபைலிலும் தேதியோ நேரமோ பதிப்பதில்லை. போன மாதக் கணக்கு எது, இந்த மாதக் கணக்கு எது என்று ஃபைல் பெயரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நகல் எடுக்கும் பிப் கட்டளையில் போய்ச் சேரும் இடத்தை முதலில் எழுத வேண்டும், எடுக்கும் இடத்தை அப்புறம். டாஸ் பழகிய கை இதற்கு ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். தமிழ் எழுத்து வராது, ஜவுளிக்காரர் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில்தான். ஒரு டிரைவுக்கு 8 எம்பிதான் உச்சவரம்பு, ஆனால் எங்கள் கணக்குக்கு அதுவே கடல்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. ஃபைலை மூடும்போதுதான் டைரக்டரியில் விவரம் முழுசாக ஏறும். பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கடைசியாகப் போட்ட வரிகள் போய்விடும். அதனால் 5 வோல்ட் தரும் சின்ன யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடுத்தது பஞ்சு. கார்டுகள் திறந்தே நிற்கின்றன, தறி ஓடும் வீட்டில் ஒரு நாளில் மேலெல்லாம் பஞ்சு படிந்துவிடும். நான் தச்சரிடம் சொல்லி மூடி வைத்த மரப்பெட்டி செய்து, இரண்டு பக்கமும் மெல்லிய வலை அடித்திருக்கிறேன். சூடு அதிகம் வராது, விசிறி தேவையில்லை.

விலையும் கொஞ்சம் கூடத்தான். கிட், தபால் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்த்தால் நல்ல செகண்ட்ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கிவிடலாம். கணக்கு எழுதுவது மட்டும்தான் தேவை என்றால் லேப்டாப்பே வாங்குங்கள். கம்ப்யூட்டரின் ஒரு மூலை விடாமல் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை இருக்கிறவர்களுக்கு, முக்கியமாக டிப்ளமோவும் இன்ஜினியரிங்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு, இந்தப் பணம் வீணாகாது. பாடத்தில் 8085 படித்தவர்களுக்கு இசட்80 அந்நியமாக இருக்காது, இரண்டும் 8080க்குப் பின்னால் வந்த சிப்புகள்தான். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கிட் வாங்கி, ஆளுக்கு இரண்டு கார்டு சால்டர் வைத்தால் செலவும் தெரியாது.

இசட்80 சிப்பை 1976ல் இருந்து செய்துவந்த ஜைலாக், தனிச் சிப்பாக விற்பதை நிறுத்துவதாக 2024ல் அறிவித்துவிட்டது. கிட் வாங்கும்போதே உதிரியாக இன்னொரு சிப் வாங்கி வைப்பது நல்லது. ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில், பழைய சிப்பின் மேல் எழுத்தை அழித்துப் புது எழுத்து அச்சிட்டவையும் கலந்திருக்கின்றன. மேல்பரப்பைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பல சமயம் மை கையோடு வந்துவிடும். சிபி/எம்மைப் பயன்படுத்த உரிமைச் சிக்கல் இல்லை. அதன் உரிமை கைமாறி வந்து சேர்ந்த நிறுவனத்தின் தரப்பில் பிரையன் ஸ்பார்க்ஸ், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று 2022ல் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்ததாக டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரைச் சேர்க்கப் போகிறேன். சீரியல் கார்டில் இரண்டு போர்ட் இருக்கிறது, ஒன்று சும்மாதான் கிடக்கிறது. சிபி/எம்மில் பிரின்டருக்கென்றே எல்எஸ்டி என்று ஒரு பெயர் உண்டு, கண்ட்ரோலோடு பி அழுத்தினால் திரையில் வருவதெல்லாம் அதற்கும் போகும். பழைய சீரியல் பிரின்டர் ஆர்எஸ்232 மின்னழுத்தத்தில் பேசும், இந்தக் கார்டு 5 வோல்ட்டில் பேசும். நேராகச் சேர்த்தால் கார்டு போய்விடும், நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்232 சிப் ஒன்று வேண்டும். கோவை காந்திபுரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். கூடவே 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஐந்தும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.