ஹார்ட்மேட் 3 பம்போட கல்லடியில ஆறு கிழமை

அத்தானுக்கு நெஞ்சுக்குள்ள ஹார்ட்மேட் 3 எண்ட இதய பம்ப் வச்சு ரெண்டு வருசம். டொரோண்டோவில இருக்கிறவர், இந்த முறை ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலுக்கு வந்தே ஆகோணும் எண்டு ஒரே பிடி, அங்க டொக்டர்மார் ஓம் எண்டு சொன்ன பிறகு அக்காவோட வந்து எங்கட கல்லடி வீட்டில ஆறு கிழமை நிண்டார். இப்பிடி ஒரு ஆள் உங்கட வீட்டுக்கும் வரலாம், அதுக்குத்தான் எழுதுறன்.

இது இதயத்த எடுத்திட்டு வைக்கிற சாமான் இல்ல. இடது கீழறை பலமில்லாமப் போன ஆக்களுக்கு அந்த அறையின்ட நுனியில பூட்டுறது, 200 கிராம்தான் பாரம், ரத்தத்த உறிஞ்சி பெருநாடிக்குள்ள தள்ளி விடும். உள்ளுக்கு சுத்துற ரோட்டர் காந்த விசையில மிதந்துகொண்டு நிக்குது, ஒண்டிலயும் உரசாது. அத்தான்ட பம்ப் நிமிசத்துக்கு 5400 சுத்து. இதுக்கு முந்தின ஹார்ட்மேட் 2ல பம்புக்குள்ள ரத்தம் கட்டுறது பெரிய தலையிடியா இருந்தது, ரெண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில ரெண்டு வருசத்துக்குள்ள அந்தப் பிரச்சினை பழசில 13.9 வீதம், புதுசில 1.4 வீதம். அஞ்சு வருசம் உயிரோட இருந்தவங்க புதுசில 58.4 வீதம், பழசில 43.7. கடைசிக் கட்டத்துக்கு வந்த நோயாளிகள்ட கணக்கு இது, அத நினைச்சுப் பாருங்க.

பம்ப் வைக்க முந்தி வீடியோ கோலில பார்த்தனான், சாய்ஞ்சு படுத்தா மூச்சு முட்டுது எண்டு கதிரையிலயே நித்திரை, நாலு படி ஏற ஏலாது. இந்த முறை விடியக்காலம அஞ்சரைக்கு என்னையும் எழுப்பிக்கொண்டு கல்லடிப் பாலத்தால நடந்து போய் மற்றப் பக்கம் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தார். நான் வாவியைப் பார்க்கிற மாதிரி நிண்டு கண்ணத் துடைச்சன்.

இப்ப கஷ்டத்துக்கு வாறன். வயித்துத் தோலுக்கால ஒரு வயர் வெளிய வருது, அது இடுப்பில உள்ள, பம்ப ஓட்டுற சின்னப் பெட்டியான கன்ட்ரோலருக்குப் போகுது, அதில இருந்து வெள்ளை ஒண்டு கறுப்பு ஒண்டு எண்டு ரெண்டு கேபிள் ரெண்டு பேட்டரிக்கு. ஒரு சோடி பேட்டரி 17 மணித்தியாலம் வரை நிக்கும் எண்டு கொம்பனி சொல்லுது. ராவில படுக்கேக்க பேட்டரியில படுக்கக் கூடாது, சுவர் கரண்டில குடுத்திட்டுத்தான் படுக்கோணும், ஏனெண்டா பேட்டரி இறங்கி அலாரம் அடிச்சா அயர்ந்த நித்திரையில கேக்காமப் போயிடலாம். வந்த முதல் கிழமையே ரா ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு, அலாரம் கத்துது, நான் டோர்ச்சத் தேடி ஓடுறன், அக்கா இருட்டுக்குள்ளயே ஒரு கேபிளக் கழட்டி பேட்டரியில குத்தி மறுகா மற்றதையும் மாத்தி முடிச்சிட்டா, ஒரு நாளும் ரெண்டையும் ஒண்டாக் கழட்டக் கூடாது. கன்ட்ரோலருக்குள்ள 15 நிமிசத்துக்கு தாங்கிற பேட்டரி இருக்குதாம், அது அக்காக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, என்ட கை விடியும் வரை நடுங்கிச்சு. அடுத்த நாளே இன்வெர்ட்டர் வாங்கினன். அவர் வர முந்தியே நான் அதச் செய்திருக்கோணும்.

மற்றது வயர் வாற இடம். கச்சான் காத்து அடிக்கிற காலம், மத்தியானத்தில சும்மா இருந்தாலே வேர்த்து ஊத்தும், பிளாஸ்டர் ஒட்டி நிக்காது, அங்க கிழமைக்கு ஒருக்கா மாத்தின டிரெசிங்க இஞ்ச ஒவ்வொரு நாளும் மாத்தினம், கை கழுவி, மாஸ்க் போட்டு, கிளவுஸ் போட்டு. அந்த வாசலால கிருமி போனா பெரிய ஆபத்து, அந்த விசயத்தில பழைய பம்புக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். என்னைக் கேட்டா இந்தச் சாமான்ட பெரிய குறை அந்த வயர்தான்.

ரத்தம் எவ்வளவு வேகமா உறையுது எண்டு காட்டுற ஐ.என்.ஆர் சோதனை பார்க்க ஒரு கிளினிக்குக்குப் போனம். நாடி பிடிச்ச பிள்ளைக்கு நாடி கிடைக்கல்ல, பிரசர் மெசின் பிழை காட்டுது, உடன ஆளக் கிடத்தப் பார்த்தாங்க. பம்ப் ரத்தத்த நிப்பாட்டாம ஓடவிடுறதால நாடி பிடிபடாம இருக்கிறது இவையளுக்கு வழமை, பிரசர டொப்ளர் எண்ட, ரத்த ஓட்டத்தின்ட சத்தத்தக் காட்டுற கருவியால கேட்டுத்தான் அளக்கோணும். அக்கா சின்ன டொப்ளர் கொண்டுதான் போனவ, எண்டாலும் அவ சொல்லுறதக் கேக்க வைக்க அரை மணித்தியாலம் போச்சு. எனக்கு வந்த கோவம் இன்னும் ஆறல்ல. தமிழில ஒரு தாள் எழுதி லமினேட் பண்ணி ஆளின்ட கழுத்தில போட்டு விடுங்க.

ரத்தம் கட்டாம இருக்க வார்பரின் குளிசை குடிக்கிறதால ஐ.என்.ஆர் 2க்கும் 3க்கும் இடையில நிக்கோணும், அம்மா ஆசையில மூண்டு நாள் தொடர்ந்து முருங்கையிலைச் சுண்டல் செய்ய அது கீழ இறங்கிட்டு. கீரைய விடச் சொல்லல்ல, கிழமைக்குக் கிழமை ஒரே அளவாச் சாப்பிடுங்க. கருவாடு வேண்டாம், உப்பு.

அமாவாசையண்டு மாமாங்கக் குளத்தில எல்லாரும் முழுகினம். வயரும் பேட்டரியும் இருக்கிறதால இவருக்கு முழுக ஏலாது, இனி ஒரு நாளும் ஏலாது. படியில இருந்தார், நான் செம்பில கொண்டு வந்த தண்ணியில விரல நனைச்சு தலையில தெளிச்சார், தன்ட அப்பாவுக்கு குடுக்க வேண்டியதக் குடுத்தார்.

விலையப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்ல, அவருக்கு அங்க அரசாங்கக் காப்புறுதியில நடந்தது. பம்புக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பன். ஆனா இரவு பகல் எண்டு பக்கத்தில நிக்க பழகின ஒரு ஆள் இல்லாத வீட்டுக்கு இது சரிவராது, டொக்டரிட்ட முதல்ல அதத்தான் கதைக்கோணும். அக்கா ரெண்டு வருசமா ஒரு ராவும் முழுசாப் படுத்ததில்ல.

அடுத்த ஆடிக்கும் வாறன் எண்டிட்டுப் போயிருக்கார். டிரெசிங் கட்ட நான் பழகிட்டன், அந்த முறை அக்கா படுக்கட்டும்.