ஏற்காட்டில் எங்கே தங்குவது: ஏரிக்கரையா, எஸ்டேட்டா, சேலத்து வீடா?

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்களுக்குச் சேலத்தில் ஒரு சொந்தக்காரர் இருந்தால், அவருக்கு வருஷா வருஷம் ஒரு வாட்ஸ்அப் செய்தி நிச்சயம்: "ஏற்காட்டில் எங்கே தங்கலாம்?" எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி ஷார்ஜாவிலிருந்து வரும். அக்காவும் மாமாவும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். கேட்பது என்னவோ ஓட்டல் பெயர்தான். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை வளைகுடாவில் பகல் நேரத்தில் பிள்ளைகள் வெளியே தலைகாட்ட முடியாது. ஏசி வீடு, ஏசி கார், ஏசி மால் என்றே பொழுது போகும். அப்படி வருகிற பிள்ளைகளுக்கு வியூ பாயிண்ட்டைக் காட்டி போட்டோ எடுத்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். சேற்றில் நடக்க வேண்டும், மரத்தில் ஏற வேண்டும், மழையில் நனைந்து பாட்டியிடம் திட்டு வாங்க வேண்டும். எந்த இடம் அதற்குத் தோது என்பதுதான் என் கணக்கு.

வழி மூன்று. ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் தங்குவது ஒன்று. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் எஸ்டேட் வீட்டை எடுப்பது இரண்டாவது. சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொண்டு காலையில் ஏறி மாலையில் இறங்குவது மூன்றாவது.

முதலில் மாதம்

மே மாதம் வருகிறவர்களுக்குச் சேலம் 40 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும்; ஏற்காடு 30-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அதே மே மாதத்தில்தான், கூட்டமும் அப்போதுதான். ஜூலை, ஆகஸ்ட் என்றால் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும். குடை, ஸ்வெட்டர், மாற்றுச் செருப்பு மூன்றும் வேண்டும். டிசம்பரில் வருகிற சிங்கப்பூர், அமெரிக்கக் குடும்பங்களுக்கு நல்ல குளிரும் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் சேர்ந்து கிடைக்கும். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும்தான் ஏற்காட்டின் சிறந்த நாட்கள். பள்ளி லீவு நம் கையில் இல்லையே என்று அக்கா சொல்வதும் நியாயம்தான்.

ஏரிக்கரை

இதன் பலம், எல்லாம் காலடியில் இருப்பது. படகுத் துறை, அண்ணா பூங்கா, கடைவீதி, மருந்துக்கடை, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் பக்கம். தாத்தா பாட்டியை அழைத்துப் போனால் அவர்கள் மெதுவாக நடந்து போய் ஏரியைப் பார்த்தபடி உட்காரலாம். சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம். லேடிஸ் சீட் என்ற வியூ பாயிண்ட்டுக்குப் போனால் இருட்டிய பிறகு கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் பகலில் மேட்டூர் அணைத் தண்ணீர் வரை கண்ணுக்கு எட்டும்.

குறை, சனி ஞாயிறு. ஏரி ரவுண்டானாவில் கார்கள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நிற்கும். ஹாரன் சத்தத்தில் மலையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஓட்டல்களில் பெரும்பாலும் பிள்ளைகள் ஓட ஒரு வெற்றிடம் கிடையாது. இருந்தால் அதில் கார் நிற்கும். படகுக்கு வரிசையில் நின்று, அரை மணி சவாரி போய் வந்ததும் பிள்ளைகள் அறைக்குத் திரும்பி போனை எடுத்துவிடுகிறார்கள். அதற்கு ஷார்ஜாவிலேயே இருந்திருக்கலாம்.

ஏரியைச் சுற்றியுள்ள இடங்களில் பிள்ளைகளுக்கு உண்மையாகவே பிடித்தது தேசிய ஆர்க்கிட் தோட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்துடையது, 1963-லிருந்து இருக்கிறது. அங்கே பூச்சி தின்னும் குடுவைச் செடி உண்டு. என் மருமகன் ஏரியை விட அந்தச் செடி முன்னால்தான் அதிக நேரம் நின்றான். கிளியூர் அருவி மழைக்குப் பிறகு போனால் மட்டுமே அருவி. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அந்தப் பள்ளத்தில் 300 அடி விழுகிறது. கோடையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். இறங்கும் படிகள் செங்குத்தானவை, பாட்டிகளை அழைத்துப் போக வேண்டாம்.

எஸ்டேட் வீடு

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்து 200 ஆண்டு ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் தன் கிரேஞ்ச் எஸ்டேட்டில் காப்பியையும் பேரிக்காய் போன்ற பழமரங்களையும் வைத்துப் பார்த்தார். காப்பி வேலை இன்றைக்கும் நடக்கிற தோட்டங்களில்தான் வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். மேலே உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே இடுப்பு உயரக் காப்பிச் செடி, நடுவில் பலா. வெயில் சல்லடையில் சலித்தது போல் விழும். காலையில் கதவைத் திறந்து கால் வைத்தாலே வெளி. டிக்கெட், வரிசை, பார்க்கிங் எதுவும் கிடையாது.

பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கவலைப்படுவது பெரியவர்கள்தான். "அந்தக் காட்டுக்குள்ள போய் என்னடா பண்ணுவீங்க?" என்று அம்மா கேட்டார். பிள்ளைகள் முதல் நாள் காலையில் கொஞ்சம் விழித்தார்கள். மதியத்துக்குள் ஒரு குச்சி, ஒரு நாய்க்குட்டி, ஒரு ஓடை கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. டிசம்பரில் இருந்தால் சிவந்த காப்பிப் பழத்தைப் பறித்து வாயில் போட்டுப் பார்க்கலாம், தோல் இனிக்கும். பல்ப்பர் என்ற இயந்திரத்தில் தோலுரித்த கொட்டையைக் கழுவிக் களத்தில் காயப் போடுவதையும் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று விழுந்தால் அடுத்த சில நாளில் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகை வாசம். அது சில நாட்களில் உதிர்ந்துவிடும், தேதி பார்த்து டிக்கெட் போட முடியாது.

வேலை செய்கிறவர்களில் பலர் மலையாளி மக்கள், இந்த மலையின் பழங்குடிகள். (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு பேச வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்.) அவர்களுடைய சேர்வராயன் கோயில்தான் மலையின் உச்சியில், 5,300 அடிக்கு மேல் இருக்கிறது. குகைக்குள் சாமி, வெளியே தட்டையான புல்வெளி, நிற்க விடாத காற்று. பந்து, பட்டம் எதை எடுத்துப் போனாலும் பிள்ளைகளுக்கு அன்றைய பொழுது போய்விடும். மே மாதத் திருவிழா சமயத்தில் மட்டும் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளரையும் இங்கே சொல்லிவிடலாம். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்தவர் அவர். ஓய்வுபெற்ற பின் இந்த மலையில்தான் வீடு போட்டுக் குடியிருந்தார். சேர்வராயன் மலையிலும் கற்காலக் கருவிகளைச் சேகரித்திருக்கிறார். இதை மருமகனிடம் சொன்னதும் அவன் பாக்கெட் நிறையக் கல்லோடு திரிய ஆரம்பித்துவிட்டான். அக்கா துணி துவைக்கும்போதுதான் எனக்குத் திட்டு விழுந்தது.

சரி, குறைகள். முக்கியமானது காட்டெருமை. ஏற்காட்டுத் தோட்டங்களில் அவை சாதாரணமாக நடமாடுகின்றன, விடிகாலையிலும் அந்தியிலும் அதிகம். பார்க்கச் சாதுவாக நிற்கும். பக்கத்தில் போய் செல்பி எடுக்கிற விலங்கு அல்ல. பிள்ளைகளைத் தனியே விடுவதை வெயில் வந்த பிறகும் வெயில் போகும் முன்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்து ஆள் ஒருவரைக் கூட அனுப்பச் சொல்லுங்கள். அடுத்தது போன் சிக்னல். சில தோட்டங்களில் மொட்டைப் பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். லீவிலும் ஆபீஸ் வேலை பார்க்கிற மாமாக்கள் இதைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டவும். சாப்பாட்டை முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குப் பசித்தால் கடை கிடையாது. பெட்டியில் பிஸ்கட், பால் பவுடர், ஜுர மருந்து இருக்கட்டும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் கரடுமுரடான மண் பாதையாக இருக்கலாம், வாடகைக்கு எடுத்த சின்னக் கார் அடி தட்டும். இருட்டில் அந்தப் பாதையைத் தேடாமல் மூன்று மணிக்குள் போய்ச் சேருவது நல்லது.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளைகள் இருந்தால் அதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரத்தை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஓட்டல்களுக்கு இது அன்றாட வேலை. சின்ன எஸ்டேட் வீட்டுக்காரர்கள் சிலர் தயங்குவார்கள். வாசலில் பெட்டியோடு நிற்கும்போது அந்தத் தயக்கத்தைப் பார்ப்பதைவிட போனில் கேட்டுக்கொள்வது மேல்.

சேலத்து வீடு

செலவு குறைவு, பாட்டி சமையல் உண்டு. கோயம்புத்தூரில் விடிகாலையில் இறங்கி மூன்று மணி நேரம் காரில் வந்த பிள்ளைகள் முதல் இரண்டு நாள் இரவைப் பகலாக்குவார்கள். அந்த நாட்களுக்கு வீடுதான் சரி. கைக்குழந்தை இருந்தாலும் இதுவே சரி.

ஆனால் தினமும் ஏறி இறங்குவது வேறு கதை. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். அதில் 20 கொண்டை ஊசி வளைவு. பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு ஏழாவது, எட்டாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழம் கையில், பாலித்தீன் பை மடியில். காலையில் எல்லாரும் குளித்து, இட்லி முடித்து, யாராவது ஒரு அத்தை "நானும் வரேன்" என்று கிளம்பி, மேலே போகும்போது பதினொன்று ஆகியிருக்கும். மலையின் நல்ல நேரமே காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான், அது போயே போச்சு. நாலு மணிக்கு இறங்க ஆரம்பித்தால் ஐந்தரை மணி மஞ்சள் வெயிலும் போச்சு. மிச்சம் இருப்பது நடுப்பகலும் பார்க்கிங்கும்.

கீழேயே இருந்தாலும் வெளியே போக இடம் இல்லாமல் போகாது. மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, கன்னங்குறிச்சி மூக்கனேரியில் தண்ணீருக்கு நடுவே திட்டுகளில் அடையும் பறவைகள், மாம்பழக் காலம் என்றால் மல்கோவாவும் இமாம்பசந்தும், மாலையில் தெருமுனைத் தட்டுவடை செட். மலையேறாத நாட்களுக்கு இது தாராளம்.

எந்தச் சாலை

அடிவாரம் வழி குறுகிய தூரம், வளைவும் சரிவும் அதிகம். அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழி தூரம் கூடுதல், ஆனால் ஏற்றம் நிதானம், போக்குவரத்து குறைவு. வயிறு புரட்டும் பிள்ளைகள் இருந்தால் குப்பனூர். எந்த வழியானாலும் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அடிவாரச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பெருமழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கொல்லிமலை போனால் என்ன என்று மாமா கேட்பார். 70 வளைவு, ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்தை ஒட்டிய படிகள், திரும்பி ஏறவும் அதே படிகள். கல்லூரிப் பையன்கள் என்றால் தாராளமாக. ஏழு வயதுப் பிள்ளையையும் எழுபது வயது அப்பாவையும் வைத்துக்கொண்டு எனக்குத் தைரியம் இல்லை.

காட்டுக்குள் நடைப்பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் உள்ளூர் ஆள் காட்டும் குறுக்குப் பாதையில் போகாதீர்கள். 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகு வனத்துறை அனுமதி கண்டிப்பாகிவிட்டது. 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் சேலம் மாவட்டத்துப் பாதைகளும் உண்டு, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம்.

இப்போது அக்கா குடும்பத்துக்குச் சொல்லியிருப்பது இதுதான். முதல் இரண்டு நாள் சேலத்தில் தூக்கம். ஞாயிறு மதியம், கூட்டம் இறங்குகிற நேரத்தில், குப்பனூர் வழியாக எஸ்டேட்டுக்கு. வியாழன் வரை அங்கேயே. அப்பா அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் அவர்கள் மட்டும் செவ்வாய்க்கிழமை ஏறி, ஏரிக்கரையில் ஓர் இரவு தங்குவார்கள். அன்று பிள்ளைகள் படகுக்கும் பஜ்ஜிக்கும் ஏரிக்கு வருவார்கள். இரண்டு இடத்துக்கும் வாடகையா என்று மாமா கேட்டார். எஸ்டேட் வீட்டுக்கு அறைக் கணக்கு கிடையாது, முழு வீட்டுக்கும் ஒரே வாடகை. சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டு, சித்தப்பாவுக்குப் போன் செய்யப் போய்விட்டார்.