ஹைலக்ஸ் பக்கியில் சிபி ஆண்டெனா: நான்கடி ஃபைபர்கிளாஸ் கம்பியும் அது நிற்க வேண்டிய இடமும்

தென்னாப்பிரிக்காவில் நாம் பக்கி என்று அழைக்கும் பின்தொட்டி வண்டிக்குச் சிபி வானொலி, அதாவது பொதுமக்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் குறுந்தூர வானொலி, வாங்குபவர்கள் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை ஆண்டெனாவுக்கும், அதிலும் பாதியை அந்த ஆண்டெனாவைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் காட்டினாலே, டர்பனுக்கு வடக்கே டொங்காட் முதல் ஸ்டேங்கர் வரையிலான கரும்புத் தோட்டப் பாதைகளில் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்தும் கூச்சல் பெருமளவு அடங்கிவிடும். கருவிகள் எல்லாம் ஏஎம் என்ற ஒலிபரப்பு முறையில் 4 வாட், எஸ்எஸ்பி என்ற இன்னொரு முறையில் 12 வாட் என்ற ஒரே வரம்புக்குள் நிற்பவை. ஆகவே ஒரு வண்டியின் குரல் எட்டுவதும் இன்னொன்றின் குரல் எட்டாமற்போவதும் பெரும்பாலும் கூரைக்கு மேலே உள்ள கம்பியாலும் அதைப் பொருத்திய கையாலும்தான்.

இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது மேல்பகுதியில் சுருள் அமைந்த, முனையில் திருகிச் சரிசெய்யக்கூடிய, நான்கடி நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா. இந்த வகைக்குப் பெயர்பெற்ற ஃபயர்ஸ்டிக் நிறுவனம் பீனிக்ஸ் நகரத்தைச் சேர்ந்தது என்று பெட்டியில் படித்துவிட்டு, டர்பனில் அதே பெயரில் உள்ள பகுதியை நினைத்து யாரும் இனண்டா பக்கம் தேடிப் போக வேண்டாம். அது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ். நான் வாங்கியது அதே அமைப்பில் வேறொருவர் செய்தது. பொருத்திய வண்டி இரட்டைக் கேபின் கொண்ட ஹைலக்ஸ். பின்தொட்டியின் மேல் ஃபைபர்கிளாஸ் கனோபி, அதாவது மூடுகூரை, உண்டு. வார நாள்களில் கரும்பு நிலங்களுக்கும், விடுமுறைகளில் நண்பர்களின் வண்டிகளோடு வரிசையாக டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கமும் ஓடும் வண்டி அது.

நான்கடியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 2.7 மீட்டர் நீளமுள்ள வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதான் இயல்பாகவே ஒலிபரப்பத் தகுந்த ஆண்டெனா. திறத்தில் அதை மிஞ்ச வண்டியில் நிற்கும் குட்டைக் கம்பி எதனாலும் ஆகாது. ஆனால் பக்கியின் பானட் ஓரத்தில் அதை நிறுத்தினால் உச்சி நான்கு மீட்டரை நெருங்கிவிடும்; தோட்டத்து மாமரக் கிளை ஒன்றுகூட நம்மை நிம்மதியாகப் போகவிடாது. குட்டையான ஆண்டெனாக்கள் எல்லாம் குறைந்த நீளத்தைச் சுருளால் ஈடுகட்டுபவை. அந்த ஈடு முழுமையானதன்று, நீளம் குறையக் குறைய திறமும், சரியாக வேலை செய்யும் அதிர்வெண் அகலமும் குறையும். இரண்டடிக் கம்பி அழகாக இருக்கும், அவ்வளவுதான். மூன்றடிக்குக் கீழே போவதை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுருள் மேலே இருப்பதும் காரணமில்லாமல் அன்று. பானட் ஓரத்து பிராக்கெட் தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஹைலக்ஸின் கூரை 1.8 மீட்டர். அடியில் சுருள் உள்ள ஆண்டெனாவை அங்கே வைத்தால் அதன் வேலை செய்யும் பகுதி விண்ட்ஸ்கிரீன் தூணுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொள்ளும். மேலே சுருள் உள்ள நான்கடிக் கம்பியின் உச்சி 2.3 மீட்டர் வரை எழுவதால், முக்கியமான மேல்பாதி கூரையைத் தாண்டி வெளியே நிற்கிறது. அடிச்சுருள் ஆண்டெனாவுக்கு உரிய இடம் கூரையின் நடுப்பகுதி. இதை மாற்றி வைத்துவிட்டு நிறுவனத்தைக் குறை சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

இடத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் அறிய வேண்டியது, வண்டியின் இரும்பு உடலும் ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது என்பதே. கம்பிக்கு அடியில் விரிந்த உலோகப் பரப்பு இல்லையென்றால் கம்பி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பயன் இல்லை. அதனால்தான் ஃபைபர்கிளாஸ் கனோபியின் மேல் ஆண்டெனாவைத் திருகி நிறுத்துவதை முழுமையாகத் தவிர்க்க வேண்டும். அங்கே உலோகமே இல்லை. உலோகப் பரப்பு தேவைப்படாத தனிவகை ஆண்டெனாக்கள் உண்டு என்றாலும், அவை தமக்கென்று தரும் கேபிளோடு சேர்த்தே பயன்படுபவை. எஃகுக் கூரை தலைக்கு மேலேயே இருக்கும்போது அதற்குச் செலவிடுவானேன்?

கூரையின் நடுவே துளையிட்டுப் பொருத்துவதே அறிவியல்படி முதலிடம் பெறும். எல்லாத் திசைக்கும் சமமாக ஒலி பரவும். விற்கும்போது மதிப்புக் குறையும் என்று அஞ்சுபவர்களுக்குக் காந்த அடிப்பாகம் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் எஃகுக் கம்பியோடு கூடிய காந்த ஆண்டெனாவைக் கூரை நடுவில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, என் நான்கடிக் கம்பியைவிட அது தூரத்து வண்டியிடம் சற்றுத் தெளிவாகவே கேட்டது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் கரும்பு வெட்டும் காலத்துப் புழுதி காந்தத்தின் அடியில் புகுந்து பெயின்ட்டை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. தாழ்ந்த கிளை ஒன்று இழுத்தால் காந்தம் கூரையில் கோடு கிழித்துக்கொண்டே நகர்கிறது. கூரைமேல் கேரியரும் கூடாரமும் வைத்திருப்பவருக்கு அந்த இடமே கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சிபி தேவைப்படுபவர் காந்த வகையை வாங்கி, வேலை முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துக்கொள்வதே அறிவுடைமை. முன்புற புல்பாரில், அதாவது பம்பர்மேல் உள்ள பாதுகாப்புச் சட்டத்தில், பொருத்துவது பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும், கம்பியின் பெரும்பகுதி கேபினுக்கு முன்னால் தாழ்ந்து நிற்பதால் ஒலி ஒருபக்கமாகச் சாய்கிறது. பொதுவாக உலோகம் அதிகம் உள்ள மூலையை நோக்கியே ஒலி வலுவாகப் பாயும். என் தேர்வு பானட்டின் இடப்பக்க விளிம்பு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் பார்வையையும் மறைக்காது.

பிராக்கெட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பானட் கீலருகே உள்ள போல்ட்டுகளில் மாட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிராக்கெட்டை வாங்கினேன். தடிமன் நன்று, டர்பன் கடற்காற்றின் உப்புக்கு இதுவரை துருவின் அடையாளமே இல்லை. பொருத்தும் வேலையை ஒரு கடையிடம் ஒப்படைத்தேன். அவர்கள் பிராக்கெட்டைப் பெயின்ட்டின் மேலேயே வைத்து முறுக்கிவிட்டார்கள். அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாச் சேனலிலும் முள் 3-ஐத் தாண்டி நின்றது. திரும்பப் போய்க் காட்டியதற்கு, "கம்பிதான் சரியில்லை, அண்ணா. வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று விலை கூடிய ஒன்றை எடுத்து நீட்டினார்கள்.

3 என்றால் அனுப்பும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு கருவிக்கே திரும்பி வருகிறது என்று பொருள். அந்த நிலையில் தொடர்ந்து பேசினால் கருவியின் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. 2 என்றால் திரும்புவது சுமார் 11 விழுக்காடு, 1.5 என்றால் 4 விழுக்காடு மட்டுமே. கீழ்ச் சேனலில் அளவு கூடுதலாக இருந்தால் கம்பி குட்டை, மேல் சேனலில் கூடுதலாக இருந்தால் கம்பி நெட்டை; எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மிக உயர்ந்து நின்றால் பழுது பெரும்பாலும் கிரவுண்டிலோ, அதாவது வண்டி உடலோடு உள்ள இணைப்பிலோ, ஷார்ட்டிலோ இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிராக்கெட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகடிவிலும் வைத்தபோது இணைப்பே இல்லை. போல்ட்டைக் கழற்றி, பிராக்கெட் உட்காரும் வட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி உலோகம் தெரியும்வரை பெயின்ட்டை எடுத்து, பல்வாஷர் வைத்து முறுக்கி, சுற்றிலும் கிரீஸ் தடவியதும் மீட்டர் ஓர் ஓமுக்குக் கீழே காட்டியது. முள்ளும் 1.4-க்கு இறங்கியது. புதுக் கம்பி வாங்கும் செலவு ஓர் உப்புத்தாளோடு தீர்ந்தது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கம்பியின் அடியில் வரும் நைலான் வாஷர். அதன் தோள்பகுதி பிராக்கெட் துளைக்குள் சரியாக உட்காராவிட்டால் நடுக்கம்பி உடலைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். பின்தொட்டியில் ஆண்டெனா வைப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பக்கியின் தொட்டி கேபினோடு ஒட்டியதன்று, கேபினும் ரப்பர்களின் மேல் நிற்பது, ஆகவே தொட்டி, சேசிஸ், கேபின் மூன்றையும் பின்னல் செம்புப் பட்டையால் இணைத்தாக வேண்டும். பானட்டுக்கும் உடலுக்கும் இடையே அப்படி ஒரு பட்டையைப் போட்டபின் என் வண்டியில் எஞ்சின் இரைச்சலும் சற்றுத் தணிந்தது.

கேபிள் ஆர்ஜி-58 வகை, 50 ஓம். 18 அடிக்குக் குறையக் கூடாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. கிரவுண்ட் சரியாக இருந்தால் நீளம் ஒரு பொருட்டே அன்று. நீளத்தை மாற்றினால் எஸ்டபிள்யூஆரும் மாறுகிறது என்றால், கேபிளே ஆண்டெனாவாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டு மீண்டும் பிராக்கெட்டைப் பார்க்க வேண்டும். கதவிடுக்கில் நசுங்கவிடாமல் எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள ஃபயர்வால் தகட்டின் ரப்பர் வழியாகக் கொண்டுபோவது நல்லது. வெளியே உள்ள இணைப்பை, தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரே கோடையில் பசை விட்டு அவிழ்ந்துவிடுகிறது.

சரிசெய்யும் வேலை திறந்தவெளியில், கதவுகளும் பானட்டும் மூடியிருக்கும்போது நடக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸில் நமக்கு உரியவை 19 முதல் 27 வரையிலான சேனல்கள் மட்டுமே, அதாவது 27.185 முதல் 27.275 வரை, அகலம் மிகக் குறைவு என்பதால் முனைத் திருகைச் சிறிது ஏற்றி இறக்கினாலே போதும். 1 என்ற எண்ணைத் துரத்திக்கொண்டு மாலை முழுவதும் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கி வீணாக்கும் டம்மி லோடும் 1 என்றுதான் காட்டும், 1.5-க்குக் கீழே வந்ததும் மீட்டரை எடுத்து வைத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இங்கே விவசாயிகளும் நான்கு சக்கர இயக்க வண்டிக்காரர்களும் 29 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் பட்டையையும் பயன்படுத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மெகாஹெர்ட்ஸ் தூரம். 29-க்கு உரிய முழுக் கம்பி கிட்டத்தட்ட ஒன்பது விழுக்காடு குட்டையாக இருக்க வேண்டும். நான்கடிக் கம்பியின் குறுகிய அகலத்துக்குள் இரண்டையும் அடக்குவது நடக்காத காரியம். எனவே உங்கள் குழு எந்தப் பட்டையில் பேசுகிறது என்று கேட்டறிந்து, பெட்டியில் அச்சிட்ட அதிர்வெண்ணைப் பார்த்தே வாங்குங்கள்; வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் சிபி ஆண்டெனாக்கள் பெரும்பாலும் 27-க்கு உரியவை.

பயன்பாட்டில் இந்த ஆண்டெனா எப்படி? கடலோரச் சமவெளியில் வண்டிக்கு வண்டி எட்டு, பத்து கிலோமீட்டர் வரை தெளிவு. பீட்டர்மரிட்ஸ்பர்க் போகும் வழியில் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கில் அதில் பாதிகூடத் தேறாது; குறுக்கே மலை நிற்கும்போது கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. வான் ரீனன் கணவாயில் மூடுபனி இறங்கும்போது முன்வண்டி சொல்லும் எச்சரிக்கை பின்வண்டிக்கு உடனே எட்டியது, எனக்கு அது போதும். சூரியச் செயல்பாடு உச்சத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்த காலத்தை ஒட்டி, அலைகள் வான்மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போவதால், பகல் வேளைகளில் வேறு கண்டத்துக் குரல்கள் வந்து நம் சேனலை மூடிக்கொண்டதும் உண்டு. அதுவும் ஆண்டெனாவின் பழுது அன்று.

குறைகளும் உண்டு. முனையை மூடும் ரப்பர் தொப்பி எளிதில் கழன்று தொலைகிறது. அது போனால் மழைநீர் திருகில் இறங்குகிறது. அடியில் வைக்கும் ஸ்பிரிங்கைத் தனியே வாங்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் இல்லாமல் இந்தக் கம்பியைக் கிளைகளிடையே ஓட்டினால் வளைவது பிராக்கெட்டும் ஃபெண்டரும்தான். மேலும் 2.3 மீட்டர் உச்சியோடு டர்பன் நகரத்து வணிக வளாகங்களின் அடுக்கு வாகன நிறுத்தத்துக்குள் நுழைய முடியாது. அங்கே உயரத் தடுப்பு பெரும்பாலும் 2.1 மீட்டரை ஒட்டியே இருக்கும். அழுத்தித் திருப்பினால் கழன்று வரும் குயிக் ரிலீஸ் இணைப்பைச் சேர்த்து வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். வண்டியைத் தெருவில் விட்டுச் செல்பவர் கம்பியைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவும் அதுவே வழி. ஆண்டெனா, பிராக்கெட், ஸ்பிரிங், குயிக் ரிலீஸ் நான்கையும் ஒரே திருகு அளவில், அதாவது 3/8 அங்குல 24 இழையில், ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பிறகு தனித்தனியே தேடினால் இழை பொருந்தாத ஒன்றைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவார்.