‘போவேன்’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன? கடலூர் மாலை வகுப்பு ஒன்றைப் பற்றி

இன்டர்வியூவில் பழக்கவழக்கம் கேட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் “ஐ யூஸ்ட் டு ரீட் நியூஸ்பேப்பர் டெய்லி” என்பார்கள். தினமும் பேப்பர் படிப்பேன் என்று சொன்னதாக நினைப்பு. கேட்பவர் காதில் விழுவதோ, ‘முன்பு படிப்பேன், இப்போது விட்டாச்சு’. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இந்த ‘யூஸ்ட் டு’வுக்கு மட்டும் இரண்டு மாலை ஒதுக்குகிறது. அதற்காகவே சேரலாம். கையில் கொடுக்கும் ஜெராக்ஸ் நோட்ஸை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

முதல் மாலை தமிழிலிருந்து தொடங்குவதுதான் இந்த வகுப்பின் பலம். “தினமும் சில்வர் பீச்சுக்குப் போவேன்”, “சின்ன வயசுல சில்வர் பீச்சுக்குப் போவேன்”, “நாளைக்கு சில்வர் பீச்சுக்குப் போவேன்”. மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘போவேன்’ போதும். இங்கிலீஷில் அவை ‘ஐ கோ’, ‘ஐ யூஸ்ட் டு கோ’, ‘ஐ வில் கோ’ என்று பிரிந்துவிடும். “டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்” என்று நாம் சொல்வதும் இந்த ‘-வேன்’ செய்கிற வேலைதான். ஃபார்முலாவை போர்டில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் இடங்களில் இந்த விளக்கம் கிடைக்காது.

பயிற்சியும் எளிது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இப்பவும் உண்டா?’ என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் ‘ஐ கோ’. முன்பு வழக்கமாக இருந்து இப்போது இல்லை என்றால் ‘யூஸ்ட் டு’. “புதுச்சேரி யூஸ்ட் டு பி கால்ட் பாண்டிச்சேரி” சரி. ஆனால் பெயர் மாறியது 2006இல், ஒரே தடவை. அதற்கு ‘சேஞ்ச்ட்’ என்ற சாதாரண இறந்தகாலம்தான். 2011 கடைசியில் அடித்த தானே புயலுக்கும் அதே கணக்கு. எத்தனை வருஷம், எத்தனை தடவை என்று எண் வந்தாலும் ‘யூஸ்ட் டு’ ஒதுங்கிவிடும்: “ஐ லிவ்ட் இன் நெய்வேலி ஃபார் ஃபைவ் இயர்ஸ்”.

இரண்டாம் மாலை ‘ஐ அம் யூஸ்ட் டு’. நடுவில் ஒரு ‘அம்’ வந்ததும் அர்த்தம் ‘பழகிப்போச்சு’ என்று மாறுகிறது. இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். “ஐ அம் யூஸ்ட் டு கெட் அப் ஏர்லி” தவறு, “கெட்டிங் அப் ஏர்லி” சரி. சோதனை ஒன்று உண்டு: டு-வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். “ஐ அம் யூஸ்ட் டு இட்” நிற்கிறது, ஆகவே அந்த இடத்தில் பெயர்ச்சொல்லோ ‘-இங்’ வடிவமோதான் வரும்.

“எ நெட் இஸ் யூஸ்ட் டு கேட்ச் ஃபிஷ்” மூன்றாவது ரகம். வலை மீன் பிடிக்கப் பயன்படுகிறது என்று பொருள். எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல் இருந்தாலும் உச்சரிப்பு வேறு. முதல் இரண்டிலும் ‘ஸ்’ நம் ‘பஸ்’ஸில் வருவதுபோல, வேகமாகப் பேசும்போது ‘யூஸ்ட்டு’ என்று ஒட்டிக்கொள்ளும். வலை வாக்கியத்தில் அது வண்டு ரீங்காரம்போல அதிரும். தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்ட வழியில்லை, காதால்தான் பிடிக்க வேண்டும். வகுப்பிலோ ஆடியோ எதுவும் போடுவதில்லை. பெரிய குறை.

நோட்ஸுக்கு வருவோம். ‘யூஸ்ட் டு’ வரும் இடமெல்லாம் ‘வுட்’ போடலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு, அதுவும் எந்தக் காலம் என்று முன்பே சொல்லிவிட்டால், போடலாம். நிலையைச் சொல்லும்போது கூடாது. “அப்பல்லாம் இங்க ஒரு டீக்கடை இருக்கும்” என்ற நம் பேச்சு “வுட் பி” என்று இழுக்கும். சரியானது “தேர் யூஸ்ட் டு பி எ டீ ஸ்டால் ஹியர்”. கேள்வி வாக்கியத்தில் ‘டிட் யூ’வுக்குப் பிறகு வரும் ‘யூஸ்ட்’டில் கடைசி ‘டி’ (d) எழுத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமப்பதால் அந்த ‘டி’ வேண்டாம். காதுக்கு வித்தியாசம் தெரியாது, பரீட்சைத் தாளில் தெரியும்.

கூட்டம் அதிகம். ஒருவருக்கு நாலைந்து வாக்கியம் பேசத்தான் நேரம் கிடைக்கிறது. புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் முதலில் இந்த இரண்டு வகுப்புக்கு மட்டும் உட்கார விடுவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். ஜெராக்ஸ் கைக்கு வந்ததும் ‘வுட்’ வரியையும் அந்த ‘டி’யையும் பேனாவால் அடித்துவிடுங்கள்.