துடுப்புக்கும் பாய்க்கும் ஒரே போர்டு என்று சொல்லி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

சென்னையை அடுத்த கோவளம், முட்டுக்காடு பக்கம் துடுப்புப் போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் மிதவைப் பலகை) ஓட்டும் பலரும் அடுத்துக் கேட்பது, இதிலேயே பாய் மாட்டி விண்ட்சர்ஃபிங் செய்யலாமா என்பதுதான். செய்யலாம், அதற்கென்றே தயாரித்த போர்டுகள் உண்டு. எங்களுக்கு அந்தப் பெயரில் தலையில் கட்டியது வேறு.

நாங்கள் வாங்கியது காற்றடித்து நிரப்பும் போர்டு. பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். பெரியவர்கள் துடுப்புப் போடவும், பிள்ளைகள் சின்னப் பாயில் பழகவும் வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொன்னோம். பாய்மரம் திருகும் துளையைக் காட்டி, "இது இருந்தா போதும் சார், விண்ட்சர்ஃப் போர்டுதான்" என்றார்கள். நடு ஃபின் (போர்டின் அடியில் நீருக்குள் நிற்கும் தகடு) எங்கே என்று கேட்டால், பின்னால் இருப்பதே தாராளம் என்று அடித்துச் சொன்னார்கள்.

அது பொய். பாயில் காற்று பட்டால் போர்டு முன்னால் போவதோடு பக்கவாட்டிலும் தள்ளப்படும். அதைத் தடுக்க, பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் அடிப்பக்கத்தில் ஒரு ஃபின் நீருக்குள் இறங்கி நிற்க வேண்டும். வாலில் மட்டும் பிடிமானம் இருந்தால் மூக்கு காற்று போகும் பக்கம் திரும்பிவிடும், கிளம்பிய இடத்துக்கு வந்து சேர முடியாது. முட்டுக்காட்டில் மகள் பாயைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள், போர்டு நண்டு மாதிரி ஒதுங்கிக்கொண்டே போனது. இடுப்பளவுத் தண்ணீர், நடந்து போய் இழுத்து வந்தேன். ஜூன், ஜூலை காலைகளில் சென்னைக் கரையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். அந்த நேரத்தில் ஒரு குழந்தையை இந்தப் போர்டில் கடலில் இறக்கினால் என்ன ஆகும் என்று விற்றவருக்குத் தெரியாதா?

அப்புறம்தான் அந்தத் துளையின் லட்சணம் தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த வட்ட ரப்பர் துண்டின் ஓரம் நகம் நுழையும் அளவுக்குப் பெயர்ந்திருந்தது, உள்ளே திட்டுத் திட்டாகக் காய்ந்த பசை. தயாரிப்பாளரின் படங்களைத் தேடிப் பார்த்தால் இந்த மாடலில் துளையே கிடையாது. சாதாரணத் துடுப்புப் போர்டில் தனியாக ஒட்டி, விலையை ஏற்றி விற்றிருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனால், தண்ணீரில் இறக்கியதை எடுக்க முடியாது என்கிறார்கள். தண்ணீரில் இறக்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்?

வாங்கப் போகிறவர்கள் முதலில் போர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் ஃபின் மாட்ட இடம் இல்லையென்றால் பாய்க்காக அதை வாங்க வேண்டாம். பாய்மர அடிக்கட்டையை உங்கள் கண்ணெதிரே திருகச் சொல்லுங்கள். இந்த வகை போர்டுகளில் பெரும்பாலும் எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) மரைதான் இருக்கும், தடையில்லாமல் முழுக்க இறங்க வேண்டும். 15 பிஎஸ்ஐ வரை காற்றடித்து, நடுவில் ஏறி நின்று வளைகிறதா என்றும் பாருங்கள். மாடல் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள், கூடவே "விண்ட்சர்ஃபிங்குக்கு ஏற்றது" என்ற வரியையும்.

எங்கள் பில்லில் அந்த வரி இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடையின் விளம்பரம் இன்னும் மாறவில்லை.