நார்ஃபோக்கில் ஒரு கூலிக் குடும்பத்தைத் தேடிய நான்கு மாதங்கள்: ஃப்ரீரெக் தளமும் அதன் துணைகளும்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆங்கிலோ இந்திய ஆன்டி ஒரு நாள் மாலை பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதனுள் நான்காக மடித்து, மடிப்புகளிலேயே கிழிந்துபோன படைவிடுப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தது. அவருடைய எள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் தரைப்படையில் சிப்பாயாக இருந்து, சென்னையில் விடுவிக்கப்பட்டு, இங்கேயே குடும்பம் நடத்தி மறைந்தவர். அக்காலத்து விடுப்புச் சான்றிதழ்களில் 'இன்ன பங்கில், இன்ன நகரத்தில் அல்லது அதன் அருகில், இன்ன கவுண்டியில் பிறந்தவர்' என்று நிரப்புவதற்கு அச்சிட்ட வரி ஒன்று உண்டு. (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி; கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது.) அந்த வரியில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியும், ஈஸ்ட் டீரம் என்ற நகரமும், அதை அடுத்த ஒரு சிற்றூரின் பெயரும் மங்கிய மையில் இருந்தன. இங்கிருந்து ஆங்கிலேய மூதாதையரைத் தேடுவோர் பலரும் தடுக்கி விழுவது இந்த ஊர்ப் பெயர் கிடைக்காமல்தான். சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகள் திருமணத்தையும் அடக்கத்தையும் சொல்லுமே தவிர, மணமகன் இங்கிலாந்தில் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஆன்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. குடும்பப் பெயரை வெளியிட அவருக்கு விருப்பமில்லை என்பதால் அதை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

நார்ஃபோக்கின் நாரிச் நகரத்தில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு நேரில் செல்லும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் இல்லை. எனவே சென்னையில் அமர்ந்தபடி, கூடுமானவரை காசு செலவழிக்காமல், ஒரு கிராமத்துக் கூலிக் குடும்பத்தை எவ்வளவு தூரம் பின்தொடர முடியும் என்பதை ஒட்டியே இந்த மதிப்புரை அமைகிறது. நான் அதிகம் பயன்படுத்தியது ஃப்ரீரெக் என்ற தளம். பழைய பங்குப் பதிவேடுகளில் உள்ள ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவுகளைத் தன்னார்வலர்கள் வரிவரியாகப் படித்துத் தட்டச்சு செய்து சேர்த்திருக்கும் இலவசத் தேடுதளம் அது. பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணைகளுக்காக 1998-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீபிஎம்டி, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான ஃப்ரீசென் ஆகிய இரண்டும் இதன் உடன்பிறப்புகள். மூன்றையும் ஓர் அறக்கட்டளையே நடத்துகிறது.

பங்குப் பதிவேடு என்பது என்ன என்று தெரியாமல் இத்தளத்தைத் திறந்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். 1538-இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பின்னர் அப்பதிவுகளின் ஆண்டுப் படியொன்றைப் பேராயருக்கு அனுப்பும் வழக்கமும் வந்தது. மூலப் பதிவேடு எலிக்கும் ஈரத்துக்கும் இரையான ஊர்களில் இந்தப் படிதான் கைகொடுக்கிறது. 1754 முதல் திருமணங்களுக்கும், 1813 முதல் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவங்கள் வந்தன. அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முற்பட்ட காலத்தில் நிலமோ உயிலோ இல்லாத ஒரு கூலியாளுக்கு, பாதிரியாரின் பதிவேட்டை விட்டால் வேறு சான்று கிடைப்பது அரிது.

ஃப்ரீரெக்கில் ஆன்டியின் எள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 1826-இல் ஞானஸ்நானம், தந்தையின் பெயர், தாயின் பெயர், ஊர், தந்தையின் தொழில் 'லேபரர்'. பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டும் சான்றிதழில் உள்ளதிலிருந்து மாறியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தின் பெயரைப் பாதிரியார் தம் காதில் விழுந்தபடி எழுதுவது அக்காலத்து நடைமுறை. நாங்கள் தேடிய குடும்பத்தின் பெயரே நான்கு விதமாகக் காணப்படுகிறது. ஒத்த ஒலியுள்ள பெயர்களையும் சேர்த்துத் தேடும் சவுண்டெக்ஸ் பெட்டியில் குறியிடாமல் தேடியிருந்தால் முதல் நாளே 'கிடைக்கவில்லை' என்று மூடிவைத்திருப்போம். அப்பன் பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் போட்டுக்கொண்டு தலைமுறைக்கு ஒரு பெயராக மாறிக்கொண்டிருக்கும் நமக்கு, முந்நூறு ஆண்டுகள் மாறாத குடும்பப் பெயர் பெரிய வசதி என்று தோன்றும். அது மாறாமல் இல்லை என்பது இங்கேதான் புரிந்தது.

அடுத்த படி 1841 சென்சஸ். ஒவ்வொருவரின் பெயரையும் பதிந்து, நாடு முழுமைக்கும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் முதல் கணக்கெடுப்பு அது. அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள் இரவு யார் யார் எந்த வீட்டில் தங்கினார்களோ அவர்களைக் கணக்கிட்டார்கள். இதில் இரண்டு பொறிகள் உள்ளன. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதைக் கீழுள்ள ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்ததால், 'நாற்பது' என்று இருப்பவர் நாற்பத்து நான்காகவும் இருக்கலாம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இடையே என்ன உறவு என்ற பத்தியும் அதில் கிடையாது. தந்தை நாற்பது வயதுடன், 'ஏ.ஜி. லேப்' என்ற சுருக்கத்தோடு இருந்தார். விவசாயக் கூலி என்பதன் அந்தச் சுருக்கம் பக்கம் பக்கமாக, ஒருவர் கீழ் ஒருவராக, மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. மகனை அந்த வீட்டில் காணவில்லை. இரண்டு பக்கம் தள்ளி, ஒரு பண்ணை வீட்டில், ஆண் வேலையாள் என்பதற்கான 'எம்.எஸ்.' குறியோடு பதினைந்து வயதுப் பையனாக இருந்தார். தேடுபெட்டியில் பெயரைத் தட்டி வந்த முடிவை மட்டும் பார்த்திருந்தால், அந்தப் பண்ணைக்கும் பெற்றோர் வீட்டுக்கும் சில வீடுகள் தூரம்தான் இருந்திருக்கும் என்பது தெரிந்திருக்காது. கணக்கெடுப்பாளரின் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். அதற்கு மூலப் பக்கத்தின் படம் வேண்டும். ஃப்ரீரெக், ஃப்ரீசென் இரண்டும் படியெடுத்த உரையைத்தான் தருகின்றன, படத்தைத் தருவதில்லை. இது அவற்றின் பெரிய குறை.

அந்தப் படத்துக்காகத்தான் கட்டணத் தளம் ஒன்றில் சேர்ந்தோம். பெயர் வேண்டாம், எல்லோரும் அறிந்த நிறுவனம். படங்கள் மிகத் தெளிவாக இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளே நுழைந்ததும் பச்சை நிறக் குறிப்புகளாக 'உங்கள் மூதாதையர் இவராக இருக்கலாம்' என்று வந்து குவிந்தவை, பிறர் வரைந்து வைத்த குடும்ப மரங்கள். அவற்றுள் ஆறு மரங்கள் சிப்பாயின் தந்தையாக ஒருவரைக் காட்டி, பக்கத்து ஊரில் 1800-இல் ஞானஸ்நானம் பெற்றவர் என்று ஒரே குரலில் சொல்லின. ஆறு பேர் சொன்னால் உண்மை என்று ஆன்டி நம்பினார். நானும் ஒரு வாரம் நம்பினேன். ஃப்ரீரெக்கில் அதே பங்கின் அடக்கப் பதிவுகளைப் பார்த்தபோது, 1801-இல் அந்தக் குழந்தை, 'இன்னாரின் கைக்குழந்தை' என்ற குறிப்போடு புதைக்கப்பட்டிருந்தது. ஆறு மரங்களும் ஒரு வயதில் இறந்த பிள்ளைக்கு மனைவியையும் ஐந்து மக்களையும் கொடுத்திருந்தன. ஞானஸ்நானம் கிடைத்தவுடன் மகிழாமல், அதே பெயரில் அடக்கம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும் என்பதை இதைவிடக் கூர்மையாக யாரும் எனக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது. சந்தாவை ஒரு மாதத்துக்கென்று எடுத்திருந்தும், நினைவூட்டல் ஏதுமின்றி அடுத்த மாதக் கட்டணத்தையும் அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.

உண்மையான தந்தையை உறுதிசெய்ய உதவியது இங்கிலாந்து, வேல்ஸுக்கான பொதுப் பதிவு அலுவலகம் 2016 முதல் இணையத்தில் வைத்திருக்கும் புதிய அட்டவணை. கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பழைய அச்சு அட்டவணைகளில் பிறந்த குழந்தையின் தாயுடைய கன்னிப் பெயர் (திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்) 1911-இலிருந்துதான் இருக்கும். இந்தப் புதிய அட்டவணையில் அது 1837-இலிருந்தே இருக்கிறது. இறப்புகளுக்கு வயதும் தொடக்கத்திலிருந்தே உண்டு. சிப்பாய் 1826-இல் பிறந்தவர் என்பதால் இதில் வரமாட்டார். ஆனால் அவருடைய தங்கை ஒருத்தி 1839-இல் பிறந்திருந்தாள். அவள் பெயருக்கு நேரே தாயின் கன்னிப் பெயர் இருந்தது. தந்தை 1849-இன் தொடக்கத்தில் ஐம்பது வயதில் இறந்ததும் கிடைத்தது. ஐம்பது வயது என்றால் 1798 அல்லது 1799. 1800-இல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் கதை அத்தோடு முடிந்தது. தலைமகனைத் தேடும்போது அவனுடைய கடைசித் தங்கையைத் தேடச் சொல்வது கோணலாகத் தோன்றலாம். கூலிக் குடும்பங்களில் கதவு திறப்பது பெரும்பாலும் அப்படித்தான். பிறப்பைப் பதியாமல் விட்டால் தண்டம் என்ற கண்டிப்பு 1875-இலிருந்துதான் வந்தது என்பதால், தொடக்க ஆண்டுகளில் சில குழந்தைகளின் பதிவே இல்லாமலும் போகலாம்.

இனி ஃப்ரீரெக்கின் சிறந்த அம்சத்துக்கு வருகிறேன். 1851 சென்சஸ் பிறந்த பங்கின் பெயரைக் கேட்டது. விதவையாகியிருந்த தாய், மூன்று மைல் தள்ளியிருந்த ஊரைச் சொல்லியிருந்தாள். நார்ஃபோக்கில் இடைக்காலத் தேவாலயங்களே 600-க்கும் மேல் எஞ்சியிருக்கின்றன; ஓர் ஊரின் கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம் தெரியும் அளவுக்குப் பங்குகள் நெருக்கமானவை. கூலியாட்கள் ஆண்டுக்கு ஒரு பண்ணை என்று இந்த ஊர்களுக்குள்ளேயே மாறிக்கொண்டிருந்தார்கள். ஃப்ரீரெக்கில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அருகிலுள்ள ஊர்களையும் சேர் என்ற குறியை இட்டால், இந்த வட்டாரம் முழுவதையும் ஒரே தேடலில் துழாவலாம். சிப்பாயின் பெற்றோருடைய 1823 திருமணம் அப்படித்தான் மணமகளின் ஊரில் கிடைத்தது. கன்னிப் பெயர் பொது அட்டவணையில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

அதைவிட முக்கியமானது, எந்தப் பங்கின் எந்தப் பதிவேடு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படியெடுக்கப்பட்டுள்ளது, அது மூலமா அல்லது மேலிடத்துக்கு அனுப்பிய படியா என்பதை ஊர்வாரியாக இத்தளம் காட்டிவிடுகிறது. ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால், அந்த ஆள் அங்கே இல்லையா அல்லது அந்தப் பக்கம் இன்னும் படிக்கப்படவில்லையா என்று பிரித்தறிய முடிகிறது. கட்டணத் தளத்தில் கோடிக்கணக்கான பதிவுகள் என்ற விளம்பரம் முகப்பில் இருந்தது. நாங்கள் தேடிய ஊரின் எந்த ஆண்டுகள் அதில் விடுபட்டிருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கவுண்டிக்குக் கவுண்டி ஃப்ரீரெக்கின் செறிவு மாறுபடும். நார்ஃபோக்கில் நிறைய இருக்கிறது, எல்லா இடமும் இப்படி அமையாது.

சிப்பாயின் தந்தையுடைய 1798 ஞானஸ்நானப் பதிவில் ஒரு வியப்பு காத்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நார்ஃபோக்கின் பல பங்குகளில், தாயின் பெயரோடு அவளுடைய கன்னிப் பெயரையும் எழுதும் வழக்கம் இருந்தது. படியெடுத்த தன்னார்வலர் அதைக் குறிப்புப் பத்தியில் பத்திரமாகச் சேர்த்திருந்தார். 1813-இல் சீர்திருத்தம் என்று வந்த அச்சுப் படிவத்தில் அதற்கு இடமில்லாததால், அந்த வழக்கம் ஒரே நாளில் நின்றுபோனது! அச்சுப் படிவத்துக்கு முற்பட்ட கையெழுத்துப் பதிவில் நம் குடும்பத்துப் பெண்ணின் பெயர் முழுமையாக இருக்க, பிந்தையதில் அது இல்லாமற்போவதைப் பார்க்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. அந்தப் பெயரைக் கொண்டு அந்தத் தந்தையின் பெற்றோருடைய 1790 திருமணத்துக்குப் போனோம். ஃபேமிலிசர்ச் என்ற மற்றொரு மூதாதையர் தேடுதளத்தில் மூலப் பக்கத்தின் படம் கிடைத்தது. மணமகன், மணமகள் இருவருமே கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இட்டிருந்தார்கள், மணமகளின் குறி கோட்டைத் தாண்டிச் சாட்சியின் பெயர்மேல் போயிருந்தது. ஃபேமிலிசர்ச்சும் இலவசமே, ஆனால் சில படங்களை அவர்களுடைய மையத்துக்குச் சென்றால்தான் பார்க்க முடியும் என்பதைத் தொடங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

சிப்பாயின் தாயை 1861 சென்சஸில் கடைசியாகக் கண்டோம். கிரெசென்ஹால் என்ற இடத்தில் இருந்த ஏழையர் விடுதியில், ஐம்பத்தெட்டு வயது, விதவை, முன்பு சலவைத் தொழில். 1777-இல் கட்டப்பட்ட அந்தச் செங்கற் கட்டடம் இன்று அருங்காட்சியகம். அதன் படத்தைக் காட்டியபோது ஆன்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "மகன் இங்க மெட்ராஸ்ல இருக்கான்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். அதற்கு எந்தத் தளத்திலும் விடை இல்லை.

இத்தேடலில் இறங்குவோர் முதலில் ஃப்ரீரெக்கில் வட்டாரத்தைத் துழாவி, பொது அட்டவணையில் தாயின் கன்னிப் பெயரைச் சரிபார்த்து, பார்க்க வேண்டிய சென்சஸ் பக்கங்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகே கட்டணத் தளத்தில் ஒரு மாதம் சேரலாம்; சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடவும். நாங்கள் இப்போது 1767-இல் நிற்கிறோம். சிப்பாயின் பாட்டனார் பிறந்திருக்கக்கூடிய பங்கின் 1760-களின் பதிவேடு இன்னும் படியெடுக்கப்படவில்லை என்று ஃப்ரீரெக் காட்டுகிறது. ஆன்டி வாரம் ஒருமுறை மாடியிலிருந்து இறங்கிவந்து, அந்த வரிசையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.