தெரபி புட்டி: நாலு வருடம் கழித்தும் நிறத்தின் மேல்தான் கோபம்

"எந்த நிறம் வாங்கலாம்?" தெரபி புட்டி (கைவிரல் பயிற்சிக்காகப் பிசையும் ரப்பர் மாதிரியான பொருள், ஒவ்வோர் இறுக்கத்துக்கும் ஒரு நிறம்) பற்றி யார் கேட்டாலும் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. இந்த வாரம் ஒரு நண்பர் கேட்டதும் இதையேதான். பையனுக்கு ஏழு வயது. பென்சிலை இறுக்கிப் பிடிக்கிறான், அரைப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறான். ஆக்குபேஷனல் தெரபியில் (எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சிச் சிகிச்சை) புட்டி கொடுக்கிறார்கள், வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று நினைக்கிறார். கேள்வியில் தப்பில்லை. பதில் நிறத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். நாலு வருடமாகக் குழந்தைகள் கையில் இதைக் கொடுத்து வாங்கிய பிறகும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை.

பரவலாகப் புழங்கும் வரிசை ஒன்று உண்டு. வெளிர் பழுப்பு எல்லாவற்றையும்விட மென்மை, அடுத்து மஞ்சள், பிறகு சிவப்பு, நடுத்தரத்துக்குப் பச்சை, கடினத்துக்கு நீலம், மிகக் கடினத்துக்குக் கறுப்பு. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றுவதில்லை. ஒருவருடைய பச்சை இன்னொருவருடைய பச்சையைவிட இறுக்கமாக இருக்கும். சிலர் வேறு வரிசையே வைத்திருக்கிறார்கள். டப்பாவின் மேல் 'மென்மை', 'நடுத்தரம்' என்று போட்டிருப்பார்கள். யாருடைய கைக்கு மென்மை? பெரியவர் கைக்கா, ஆறு வயதுக் கைக்கா? அதற்குப் பதில் கிடையாது. காலி டப்பாவுக்கு மாற்றாக அதே நிறத்தை வேறு இடத்தில் வாங்கினால், போன மாதம் வரை பத்து முறை கிள்ளிய குழந்தை மூன்றாவது முறையிலேயே கையை உதறும். குழந்தை பின்தங்கிவிட்டதாகப் பெற்றோர் கவலைப்படுவார்கள். மாறியது புட்டி மட்டுமே.

ஒரே டப்பாவுக்குள்ளும் இறுக்கம் ஒன்றாக நிற்பதில்லை. குளிர்ந்தால் இறுகும், கைச்சூடு பட்டால் இளகும். அப்படியானால் குழந்தையின் கை இன்னும் பழகாத முதல் நிமிடத்தில்தான் புட்டி மிகக் கடினமாக இருக்கிறது. பயிற்சி நடக்க வேண்டிய முறைக்கு இது நேர்மாறு. பெரியவர் ஒருவர் முதலில் ஒன்றிரண்டு நிமிடம் பிசைந்து கொடுத்தால் போதும். இல்லையென்றால் இறுக மூடிய டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைக்கலாம். தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது.

நிறத்தை மறந்துவிட்டுக் கையைப் பார்த்தால் சரியான இறுக்கம் தெரிந்துவிடும். 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓர் உருண்டை செய்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நசுக்கச் சொல்லுங்கள். மூன்று எண்ணுவதற்குள் பாதியாகத் தட்டையாக வேண்டும். அப்போது விரல்களின் நுனிக் கணு லேசாக உள்பக்கம் மடங்கியே இருக்க வேண்டும், இரண்டு விரலும் சேர்ந்து ஒரு வட்டம் மாதிரி தெரிய வேண்டும். இதையே பத்து முறை செய்யவிட்டு முதலாவதையும் பத்தாவதையும் ஒப்பிடுங்கள். பத்தாவது கொஞ்சம் களைப்போடு, ஆனால் அதே வடிவத்தில் வந்தால் இறுக்கம் பொருத்தம். வடிவமே மாறிவிட்டால் ஒரு படி இறங்குங்கள். பத்தையும் பேசிக்கொண்டே முடித்துவிட்டால் ஒரு படி ஏறலாம்.

வடிவம் மாறுவது எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது டப்பாவை வாங்குவதைவிட முக்கியம். நுனிக் கணு பின்பக்கமாக வளைந்து குழிவிழும். கட்டைவிரல் ஆள்காட்டியின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்டு, சாவியைத் திருப்புவது போன்ற பிடியாகிவிடும். மணிக்கட்டு உள்ளே மடங்கும். தோள் காதை நோக்கி ஏறும். மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், பல்லைக் கடிப்பார்கள், நாக்கு வெளியே வரும். சில குழந்தைகள் எழுந்து நின்று உடம்பின் பாரத்தையே இறக்குவார்கள். பென்சில் பிடிக்கும்போது எதைத் திருத்தப் பார்க்கிறோமோ, அதே கோணல்கள்தான் இவை. அளவுக்கு மீறிக் கடினமான புட்டி அந்தக் கோணலையே தினமும் பத்து நிமிடம் உருப்போட வைக்கிறது. "கடினமாக இருந்தால் சீக்கிரம் பலம் வரும்" என்ற எண்ணம் அவ்வளவு கெடுதல் செய்கிறது. மூட்டு அளவுக்கு மீறி வளையும் குழந்தைகளுக்கு இது இன்னும் மோசம். அவர்களுக்கு மென்மையான புட்டியும், சரியான வடிவத்தில் குறைந்த தடவைகளும்தான் நல்லது.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனாலும் பையிலிருந்து இதை எடுத்துப்போட மனம் வராததற்குக் காரணம் ஒன்று இருக்கிறது, அதற்கும் கைப்பலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தப் பொருளின் மூலம் 1943-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்துக்குப் போகிறது. போர்க்காலத்தில் ரப்பருக்கு மாற்றுத் தேடிய ஜேம்ஸ் ரைட் என்ற பொறியாளர் சிலிகான் எண்ணெயோடு போரிக் அமிலத்தைச் சேர்த்தார். ரப்பருக்கு அது உதவவில்லை. 1950 வாக்கில் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. தெரபி புட்டியும் அதே குடும்பம்தான். சிலிகான் சங்கிலிகளை போரான் இணைப்புகள் தற்காலிகமாகக் கோத்து வைத்திருக்கின்றன. மெதுவாக இழுத்தால் இணைப்புகள் அவிழ்ந்து வேறிடத்தில் சேர்ந்துகொள்ள நேரம் கிடைக்கிறது, புட்டி நூலாக நீள்கிறது. வெடுக்கென்று இழுத்தால் நேரம் கிடைப்பதில்லை, பட்டென்று அறுந்துவிடுகிறது.

எதையும் அவசரமாகச் செய்யும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய கொடை! "மெதுவா, மெதுவா" என்று பெரியவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் காதில் ஏறுவதே இல்லை. புட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் அறுந்து காட்டுகிறது. ஒரு கைப்பிடிப் புட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பத்து எண்ணி முடிக்கும் வரை அறுந்துவிடாமல் இழுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் நாலிலேயே அறுந்துபோகும். திட்டுவதற்கு யாரும் இல்லை, தோற்றதாகவும் ஆகாது, உருட்டி மறுபடி தொடங்கினால் போதும். எண்ணிக்கையைக் குழந்தையே எண்ணட்டும். களிமண்ணிலோ விளையாட்டு மாவிலோ இந்தக் குணம் கிடையாது. அவை மெதுவாக இழுத்தாலும் பிய்ந்துவிடும்.

வீட்டுக்கு இதோடு மூன்று வேலைகள் போதும். முதலாவது, உள்ளங்கையால் உருட்டி 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பாம்பு. அதன் முதுகில் கட்டைவிரல், ஆள்காட்டி இரண்டால் மட்டும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு முள் கிள்ள வேண்டும். அப்போது சுண்டு விரலும் மோதிர விரலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டு விரலுக்குள் மடித்துப் பிடித்துக்கொள்ள இன்னொரு சின்னப் புட்டி உருண்டையைக் கொடுங்கள். கையின் ஒரு பாதி அசையாமல் நிற்க, மறுபாதி வேலை செய்யும். பென்சிலுக்குத் தேவையானதும் இந்தப் பிரிவினைதான். இரண்டாவது, வளையம். ஐந்து விரலையும் குவித்து, நகத்துக்குக் கீழே வருகிற மாதிரி புட்டியில் செய்த ஒரு வளையத்தை மாட்டி, விரலை மலர விரிக்க வேண்டும். எல்லோரும் மடக்கவே பழக்குகிறார்கள், விரிப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஐந்தாறு தடவை போதும்.

மூன்றாவது, ஒளித்து வைப்பது. குழந்தைகளுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், பெரியவர்கள் அதிகம் சொதப்புவதும் இதுதான். சின்னச் சின்ன மணி இருபதைப் போட்டு அமுக்கி வைத்துவிடுவார்கள். நகத்தால் தோண்டித் தோண்டிக் குழந்தை சலித்துப்போகும். மணியின் துளைக்குள் புட்டி புகுந்துகொண்டு வெளியே வராது. துளையில்லாத, 2 சென்டிமீட்டருக்குக் குறையாத தட்டையான பொருள்களில் ஐந்தோடு தொடங்குங்கள். போட்டதை எண்ணுங்கள், எடுத்ததையும் எண்ணுங்கள். கண்ணை மூடித் தொட்டு என்ன பொருள் என்று கண்டுபிடிக்கும் பயிற்சி என்று இதைச் சிலர் சொல்வார்கள். புட்டி பொருளைச் சுற்றி மூடிக்கொள்வதால் ஓரமும் மூலையும் கைக்குத் தெரியாது. தொட்டறியும் பயிற்சிக்கு மணலோ தானியமோ நிரப்பிய பாத்திரமே சரி. கத்தரிக்கோலால் புட்டிப் பாம்பை வெட்டலாம் என்பார்கள். கத்தரிக்கோலின் திருகில் புட்டி அடைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு விளையாட்டு மாவு போதும்.

அளவு விஷயத்தில், குழந்தையின் கைக்கு 57 கிராம் போதும். 113 கிராம் பெரியவர் கைக்கு. 450 கிராம் டப்பா வாங்கினால் எட்டாகப் பிரித்து, ஒரு குழந்தைக்கு ஒரு பங்கு என்று பெயர் எழுதி வையுங்கள். புட்டியைக் கழுவவும் முடியாது, கிருமி நீக்கவும் முடியாது என்பதால் ஒருவருடைய புட்டியை இன்னொருவர் தொடக் கூடாது. கையில் புண், தோல் தொற்று இருந்தால் அந்த வாரம் புட்டி வேண்டாம். மேஜை முழங்கை உயரத்தில் இருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் தோள்தான் முதலில் வேலைக்கு வரும்.

எழுதுவதற்கு முன் கையைச் 'சூடேற்ற' என்றால் இரண்டு மூன்று நிமிடத்தோடு நிறுத்துங்கள். பத்து நிமிடம் பிசைந்துவிட்டு உட்கார்ந்தால் களைத்த கையோடுதான் எழுதுவார்கள், எழுத்து இன்னும் கோணலாகும். முழுப் பயிற்சிக்கு எழுத்து வேலை இல்லாத நேரம் நல்லது.

புட்டியால் கையெழுத்து அழகாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். 2011-ல் கனடாவின் ஆக்குபேஷனல் தெரபி இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு இதைத் தெளிவாகவே சொன்னது: எழுதிப் பழகுவது இடம்பெறாத பயிற்சி முறைகளும், 20 அமர்வுக்குக் குறைவாக எழுத வைத்த முறைகளும் பலன் தரவில்லை. எழுத்து எழுதித்தான் வரும். புட்டி எழுதும் நேரத்தைத் தின்றுவிட்டால் நஷ்டமே.

பராமரிப்பில் தொல்லை குறையவே இல்லை. மூட மறந்த டப்பா சரிந்து கிடந்தால் புட்டி வழிந்து இறங்கி, போகிற வழியில் எதையும் விடாது. துணி, கம்பளம், தலைமுடி மூன்றும் இதற்கு எதிரி. துணியில் ஒட்டினால் தேய்க்காதீர்கள், வெந்நீரில் போடாதீர்கள். உறைபெட்டியில் வைத்து இறுகியதும் பெயர்த்தெடுத்து, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள், சாயம் போகிறதா என்று ஓரத்தில் முதலில் பார்த்துக்கொண்டு. முடியில் ஒட்டினால் எண்ணெய் தடவிச் சீப்பால் வழியுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: ஆல்கஹால் கலந்த சானிடைசர் போட்ட ஈரக் கையோடு புட்டியைத் தொட்டால் அது கொழகொழவென்று பசையாகிவிடும். முதலில் சோப்பு, முழுக்கத் துடைத்த கை, அப்புறம் புட்டி. சானிடைசர் கடைசியில். கை க்ரீமும் இப்படித்தான் கெடுக்கும்.

மூன்று வயதுக்குக் கீழே, எதையும் வாயில் போடும் பழக்கம் இருந்தால் எந்த வயதிலும், புட்டி வேண்டாம். காதுக்குள் திணிக்கும் குழந்தைகளும் உண்டு. திணித்துவிட்டால் நீங்கள் தோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். தசை இறுக்கம் உள்ள குழந்தைக்கும், மூட்டு வீங்கி வலிக்கும் நேரத்திலும், தெரபிஸ்ட் பார்க்காமல் கையை இறுக்கும் பயிற்சி எதுவும் கூடாது.

ஐந்துக்கு எத்தனை என்றால் இரண்டரை. நிறத்தை விட்டுவிட்டு, எவ்வளவு விசைக்கு எவ்வளவு நசுங்கும் என்று ஓர் எண்ணை டப்பாவில் அச்சிட்டால் நாலரை கொடுப்பேன். ஆறு நிறம் சேர்ந்த தொகுப்பை யாரும் வாங்க வேண்டாம், அதில் கடினமான மூன்றும் அந்தப் பையன் வளர்ந்து முடிக்கும் வரை தூசிதான் தின்னும். நண்பருக்குச் சொன்னது இவ்வளவே: இந்த மாதம் எதுவும் வாங்காதீர்கள். அடுத்த அமர்வில் தெரபிஸ்ட் கொடுக்கும் புட்டியை நீங்களே கையில் வாங்கி நசுக்கிப் பாருங்கள். அவன் பத்து முறை கிள்ளும்போது நுனிக் கணு எத்தனையாவதில் பின்னால் வளைகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். அந்த எண்ணையும் அந்த டப்பாவின் தயாரிப்பாளர் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு வந்து, அப்புறம் நிறம் கேளுங்கள்.